பத்தனைக்கு உறுதி

1

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நடந்த இடத்தில் நீங்கள் இல்லை. நடந்ததைக் கண்ணால் காணவும் இல்லை. ஆயினும் நீங்கள் தமிழ் படித்தவர், தமிழ்நாட்டில் இருப்பவர். இந்த வழக்குக்கு அந்தத் தகுதி ஒன்றே போதும். கடல் கடந்து, மலை ஏறி, தேயிலைக்கு நடுவே துணி கிழித்துப் பிழைக்கும் ஒருவன், ஒரு தமிழ்ச் சொல்லுக்குத் தான் பிறந்த ஊரின் பொருளைக் கொண்டதால், ஒரு சபையின் முன் பொய்யனாக நின்றான். அவன் கொண்ட பொருள் சரியா, தவறா? உடனே சொல்ல வேண்டாம். முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நான் இலங்கைக்கு வந்து இந்த ஐப்பசியோடு மூன்றாண்டு நிறைகிறது. உறையூரில் பிறந்தவன். கல்லூரி நாட்களில் சொற்போர் என்றால் என் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். காவிரி மணலில் மேடை போட்டு, பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்து, எதிரணியைத் திணற அடித்த மாலைகள் உண்டு. படிப்பு முடிந்தபின் அந்த நாவுக்கு ஊரில் வேலை கிடைக்கவில்லை. இங்கே துணிக்கடை வைத்திருக்கும் சித்தப்பாவுக்கோ கை உதவிக்கு ஆள் தேவைப்பட்டது. கப்பலேறினேன். அன்று முதல் ஆண்டுதோறும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி வருகிறேன்: வரும் தையில் ஊருக்கு.

வந்த வாரத்திலேயே சித்தப்பா சொன்னார், "நாளைக்குக் காலையில கச்சேரிக்குப் போகணும், நல்லதா உடுத்திக்க." இந்தக் குளிரிலும் இசை வளர்கிறதே என்று பூரித்துப் போனேன். சரிகைக் கரை வேட்டி, கழுத்தில் அங்கவஸ்திரம், கொஞ்சம் அத்தர். நுவரெலியாவில் பஸ்ஸை விட்டு இறங்கி அவர் பின்னால் போனால், அங்கே வித்துவானும் இல்லை, மிருதங்கமும் இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா இருந்தார். இந்த நாட்டில் கச்சேரி என்றால் அரசாங்க அலுவலகம். என் தங்கும் அனுமதியை ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஜன்னலில்தான் நீட்டிக்க வேண்டும். குமாஸ்தா என் சரிகையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, கல்யாண வீட்டிலிருந்து வருகிறாயா என்று சிங்களத்தில் கேட்டாராம். சித்தப்பா அதைக் கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஒரு சொல்தானே, எங்கோ விலகிவிட்டது என்று அன்று ஒதுக்கினேன். மற்ற சொற்களெல்லாம் என்னுடையவை என்ற நம்பிக்கை குலையவில்லை.

2

நாங்கள் இருக்கும் ஊர், ஹட்டனிலிருந்து திம்புள்ளப் பக்கம் போகும் சாலையில் ஒரு கடைவீதி. ஒரு பக்கம் ரயில் பாதை, மறு பக்கம் ஆறு, மேலே தேயிலை, கீழே தேயிலை. எங்கள் கடையின் பின்கதவைத் திறந்தால் கைக்கு எட்டுவது தேயிலைச் செடிதான். ஊர் வளர வேண்டுமானால் தேயிலை விலக வேண்டும். தேயிலை விலகாது, அது கம்பெனியின் சொத்து. ஆகவே ஊர் தனக்குள்ளேயே வளர்கிறது. கடைக்கு மேல் பலகைத் தட்டு, தட்டுக்கு மேல் ஒரு குடும்பம். நாங்கள் தூங்கும்போது மேல்வீட்டுக்காரர் புரண்டு படுப்பதுகூட எங்களுக்குக் கேட்கும்.

இந்த நெருக்கடிக்கு நடுவே ஓரிடம் மட்டும் திறந்து கிடந்தது. கடைவீதி முடிந்து மேட்டில் ஏறினால், ஒரு புல்வெளி. மலைப் புல்வெளியை இங்கே பத்தனை என்பார்கள். எந்தக் காலத்திலோ அங்கே தேயிலை வைத்துப் பார்த்து, செடி பிடிக்காமல் போனதால் தோட்டம் அதைக் கைவிட்டுவிட்டதாம். அதற்குக் கீழ்ச்சரிவில் லயங்கள். ஒரே தகரக் கூரையின் கீழ் அறை அறையாகத் தடுத்த தொழிலாளர் குடியிருப்பு. பத்தனை குடிக்கும் மழையெல்லாம் சரிவில் ஊற்றாகக் கசிந்து, ஒரு தகரக் குழாய் வழியே லயத்து வாசலில் விழும். அதைப் பீலி என்கிறார்கள். குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாம் அந்தப் பீலிதான்.

பத்தனையில் லயத்துப் பெண்கள் மாட்டுக்குப் புல் அறுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். நான் முதன்முதலில் அங்கே ஏறிப்போனபோது என் கண்ணில் பட்டது இவை எதுவும் அல்ல. சாய்வு இல்லாமல் விரிந்த ஒரு தரையைக் கண்டேன். இங்கே மேடை போட்டால் எத்தனை பேர் உட்காரலாம் என்றுதான் மனம் கணக்குப் போட்டது. சித்தப்பாவின் மகள் கோமதி கூட வந்திருந்தாள். இந்த ஊரிலேயே பிறந்து, சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளரும் சிறுமி. காவிரி மணலைப் பற்றி அவளுக்கு விரிவாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, காவேரி எந்தத் தோட்டத்துப் பக்கம் இருக்கு?" என்றாள்.

வேறொன்றும் அப்போது நினைவுக்கு வந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது; உறையூர்க்காரர்களுக்குத் தெரியும். குப்பை கொட்டித் தூர்த்து, மனை பிரித்து, அதற்கு ஒரு பெரியவரின் பெயரில் நகர் என்று பலகை வைத்தார்கள். திறப்பு விழாவில் நாதசுரம் ஊதியது. நாங்களெல்லாரும் கைதட்டினோம். அடுத்த கோடையில் எங்கள் வீட்டுக் கிணறு வற்றியது. அம்மா குடத்தோடு பக்கத்துத் தெருவுக்குப் போனாள். குளம் போனதால்தான் கிணறு போயிற்று என்று அப்போது யாரும் மேடையில் சொல்லவில்லை. கூட்டம் கூட்டிச் சொல்லும் அளவுக்கு அது பெரிய செய்தியாக யாருக்கும் படவில்லை.

3

சென்ற ஆவணியில் ஒரு நாள் நில அளவைக்காரரின் ஆள் கடைக்கு வந்து சிவப்புத் துணி கேட்டான். பட்டை பட்டையாகக் கிழித்துத் தரச் சொன்னான். திருவிழாத் தோரணத்துக்கு என்று நினைத்து நானே கிழித்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் பத்தனை முழுவதும் மர முளைகளை அடித்திருந்தார்கள். ஒவ்வொரு முளையின் தலையிலும் நான் கிழித்த துணி ஆடியது.

பட்டின சபைக் கட்டடத்தின் சுவரில் வரைபடம் தொங்கியது. ஊர் விரிவாக்கத் திட்டம். கடைகளுக்குச் சிவப்பு, வீடுகளுக்கு மஞ்சள், சாலைக்குப் பழுப்பு. தேயிலை நிலத்தைக் கோடு போட்டு ஒதுக்கியிருந்தார்கள். எஞ்சியது பத்தனை. கம்பெனி அதைச் சபைக்குக் கொடுக்க இசைந்துவிட்டது. முன்னால் கடைவரிசை, பின்னால் வீடுகள், வீடுகளுக்கும் பின்னால், லயத்துக்கு நேர் மேலே, கழிவறைக் குழிகள். மூலையில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது: வெற்றுக் காணி. ஆட்சேபம் உள்ளவர்கள் குறித்த நாளில் சபைமுன் வந்து சொல்லலாம் என்று ஓர் அறிவிப்பும் இருந்தது.

நியாயம் சொல்வதானால், வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கடைவீதியில் மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் அடுக்கியதுபோல் வாழ்வதை நான் அன்றாடம் பார்க்கிறேன். நானே அப்படித்தான் வாழ்கிறேன். சித்தப்பாவுக்கு அந்தச் சிவப்புக் கட்டங்களில் ஒன்றின் மேல் கண். அலையாய் அலைந்து பிரஜாவுரிமை வாங்கியவர் அவர். மனுப் போடும் தகுதி அவருக்கு இருந்தது. லயத்து மக்களுக்கு அந்த உரிமை இல்லை. அவர்களுக்கு அந்த வீடுகளில் ஒன்றும் வராது. அந்த வீடுகளின் கழிவு மட்டும் வரும்.

எனக்கு இரண்டு நாள் நிலைகொள்ளவில்லை. துணி மடிப்பேன், பிரிப்பேன், மறுபடி மடிப்பேன். தை எப்போது வரும் என்று நாட்காட்டியைப் பார்ப்பேன். நமக்கென்ன, நாம் போகப்போகிறவன்தானே என்று ஒரு குரல். போகப்போகிறவன் கிழித்துக் கொடுத்த துணிதானே அங்கே ஆடுகிறது என்று மற்றொரு குரல். இரு அணியிலும் நானே பேசினேன். தீர்ப்புச் சொல்லத்தான் ஆளில்லை.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு மூன்று பெண்கள் வந்தார்கள். முன்னால் நின்றவர் பேச்சியம்மா. மேல்லயத்தில் இருக்கிறவர், கொழுந்து பறிப்பவர், இடுப்பில் ஒரு பெண்குழந்தை. பேச்சு என் தொழில், அவருக்கு அது பெயர்.

"சின்ன மொதலாளி, தீவாளிக் கூட்டத்துல பேசினது நீங்கதானே?"

ஆமாம் என்றேன், சற்று நிமிர்ந்தும் இருப்பேன்.

"நல்லாத்தான் பேசினீங்க. வாயத் தொறந்துக்கிட்டுக் கேட்டோம். என்னா சொன்னீங்கன்னுதான் ஒண்ணும் வெளங்கல."

உடன் வந்தவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பேச்சியம்மா சிரிக்காமல் விஷயத்துக்கு வந்தார். சபையில் போய்ப் பேச அவர்களுக்கு ஆள் வேண்டும். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஊரில் இல்லை. இவர்கள் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நான் பேச வேண்டும். ஏன் என்பதற்கான காரணத்தைக் கொஞ்சம் குரல் தாழ்த்திச் சொன்னார். முந்தைய மழைக்காலத்தில் ஒருவன் பத்தனையில் மாட்டுப்பட்டி போட்டிருக்கிறான். அந்தச் சாணமும் மூத்திரமும் மழையோடு இறங்கிப் பீலியில் கலந்தன. லயம் முழுவதும் வயிற்றுப்போக்கு. பேச்சியம்மாவின் மூத்த மகள் அதில் போய்விட்டாள்.

"ஒரு மாட்டுப்பட்டிக்கே அப்படி. இனி ஒரு ஊரே மேல வந்து ஒக்காந்தா? மேல கக்கூசு வேணாம்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான்."

அதை அப்படியே சொல்லக் கூடாது, சபையில் சொல்வதற்கென்று ஒரு முறை இருக்கிறது என்று விளக்கினேன்.

"கக்கூச எப்படிச் சொன்னாலும் கக்கூசுதானே, சின்ன மொதலாளி?"

 பேச ஒப்புக்கொண்டேன். சித்தப்பா துணிக்கட்டுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் போனபின், "யாரு கடைக்கு எதிரா யாரு பேசப் போறது? எங் கடைக்கு எதிரா எங் கடைப் பையனா?" என்றார். வீடும் கடையும் வேண்டாம் என்று பேசப் போவதில்லை, அங்கே வேண்டாம் என்றுதான் பேசப் போகிறேன் என்றேன். அவர் துணிக்கட்டை வழக்கத்துக்கு மேல் ஓசையாகப் போட்டார்.

5

சபை மண்டபத்தில் பேச்செல்லாம் சிங்களத்தில். எங்களுக்கென்று ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். யாழ்ப்பாணத்தவர், வெள்ளைக் கோட்டு, விபூதி, மூக்கின் நுனியில் கண்ணாடி. சபைத் தலைவர் நிதானமான மனிதர். நான் எழுந்தபோது உட்கார்ந்தே பேசலாம் என்று சைகை காட்டினார். உட்கார்ந்து பேச எனக்குப் பழக்கமில்லை.

நின்றேன், பேசினேன். வானம் வார்க்கும் வளத்தை மடியேந்தி, வாடும் உயிர்க்கு வார்த்துத் தரும் அந்தப் பசும்புல் பரப்பைப் பற்றிப் பேசினேன். ஊர் என்பது கட்டடங்களின் கூட்டமன்று, கட்டடங்களுக்கு இடையே மிஞ்சும் வெளியும் சேர்ந்ததுதான் ஊர் என்றேன். அந்தக் கருத்தில் இன்றும் மாற்றமில்லை. குரல் மண்டபத்தின் தகரத்தில் மோதித் திரும்பியது. பின்வரிசையில் நின்ற லயத்து மக்கள் அசையாமல் கேட்டார்கள். முடித்து மூச்சு வாங்கினேன். மொழிபெயர்ப்பாளர் தலைவர் பக்கம் திரும்பி, நாலைந்து சொல்லில் முடித்துக்கொண்டார். புல் நல்லதென்று சொல்கிறான் என்பதுதான் அந்த மொழிபெயர்ப்பு என்று கூட்டத்தில் இருந்த, சிங்களம் தெரிந்த கடைவீதிச் சலூன்காரர் பிற்பாடு சொன்னார்.

தலைவர் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஐயா கேக்கிறார், உங்களிட்டை உறுதி இருக்கோ எண்டு."

சாட்சியே, இங்கே கவனியுங்கள். உறுதி இருக்கிறதா என்று ஒருவர் கேட்டால் நீங்கள் என்ன பொருள் கொள்வீர்கள்? மேடை ஏறிய நாள் முதல் நான் எதிர்பார்த்திருந்த கேள்வி அது. என் நெஞ்சு நிமிர்ந்தது.

"இருக்கிறது! அசைக்க முடியாத உறுதி இருக்கிறது. இதோ நிற்கும் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது."

லயத்து மக்கள் கைதட்டினார்கள். மொழிபெயர்ப்பாளரின் புருவம் உயர்ந்தது.

"எல்லாரிட்டையுமோ? எடுத்துக் காட்டுவியளோ?"

"காலம் வரும்போது காட்டுவோம்."

அவர் அதைத் தலைவரிடம் சொன்னார். அப்போது அவர் ஒரு சொல்லையும் சுருக்கவில்லை. தலைவர் வியப்போடு எங்கள் எல்லாரையும் பார்த்தார், அருகில் இருந்த அளவைக்காரரிடம் குனிந்து பேசினார், எழுதினார். அடுத்த மாத அமர்வுவரை திட்டம் ஒப்பமிடப்படாது, அன்று நாங்கள் உறுதியைக் கொண்டுவர வேண்டும் என்று அறிவித்தார். உறுதியை எப்படிக் கொண்டுவருவது என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. சிங்களத்தில் அப்படி ஒரு வழக்குப் போலும் என்று விட்டுவிட்டேன். வெளியே வந்தபோது பேச்சியம்மா, "இன்னிக்கு வெளங்குச்சு, சின்ன மொதலாளி" என்றார்.

வாசல் ஓரமாகச் சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

6

"உறுதின்னா பத்திரம்டா. காணிப் பத்திரம். இங்க அதுக்கு அதான் பேரு. கம்பெனிக்காரன் நெலத்துக்கு லயத்துச் சனம் ஒவ்வொருத்தங்கிட்டயும் பத்திரம் இருக்குன்னு சபையில சொல்லிட்டு வந்திருக்க. எழுதி வச்சுட்டான். இனிமே கச்சேரியில உன் அனுமதிய நீட்டுவான்னு நெனைக்கிறியா?"

வீட்டுக்குப் போகும் வழியில் இதை அவர் நின்று நின்று சொன்னார். நான் என் தமிழை எடுத்துக் காட்டி வாதிட்டேன். உறுதி என்பது மனத்திண்மை. எந்தப் புலவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார் என்றேன். புலவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கச்சேரி ஜன்னலில் நிறுத்து என்றார் சித்தப்பா. பிறகு குரலைத் தணித்து ஒரு யோசனை சொன்னார். தை வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? அடுத்த வாரமே கப்பல் ஏறிவிடலாம். அமர்வுக்கு ஆளே வராவிட்டால் ஆட்சேபம் தானே விழுந்துபோகும். பொய் சொன்னவன் யார் என்று தேடவும் மாட்டார்கள். "எனக்குக் கடை கெடைக்கும், உனக்கு ஊர் கெடைக்கும்" என்றார். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன்.

சொல்லிவிடுகிறேன், எனக்கும் ஆசைதான். உறையூர் நண்பர்கள் பொங்கலுக்கு ஒரு சொற்போர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அணித்தலைவர் இடத்தை எனக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். கடைக்கும் பத்தனைக்குமாக நடந்தேன். முளைகளுக்கு நடுவே நின்று, இந்தியாவுக்குக் கப்பல் புறப்படும் தலைமன்னார்த் துறையை நினைப்பேன். இறங்கி வரும்போது பீலிச் சத்தம் காதில் விழும்.

என்னை உறுத்தியது வேறு. நான் திருச்சிக்காரன், எனக்கு அந்தப் பொருள் தெரியாது. லயத்து மக்கள் இந்த மலையிலேயே பிறந்தவர்கள். அவர்கள் ஏன் கைதட்டினார்கள்? யோசித்தபோதுதான் தெரிந்தது. அவர்களுக்கும் அந்தப் பொருள் தெரியாது. நிலம் வைத்திருப்பவனுக்கு அந்தச் சொல் வேண்டும், வாங்குபவனுக்கு வேண்டும், வாங்க வாய்ப்புள்ளவனுக்காவது வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் காட்டை வெட்டி, மலையைத் திருத்தி, தேயிலையை வளர்த்தவர்களுக்கு ஒரு சாண் மண்ணையும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகையால் அந்த எழுத்துக்கு என்ன பெயர் என்பதும் அவர்கள் காதுக்கு வரவில்லை. இதைவிடக் கூர்மையான வாதம் என் மேடை வாழ்வில் எனக்குக் கிட்டியதில்லை. அதை எந்தச் சபையில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பேச்சியம்மாவிடம் முதலில் சொன்னேன். உறுதி என்றால் இங்கே பத்திரம் என்று கேட்டதும் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்புத் தாங்காமல் பீலிக்கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான்தான் பத்தனைக்குத் தொரைச்சாணியா? கை வலிக்கத் தட்டினேனே!"

சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லன்னு சொல்லிருங்க. இல்லாதத இல்லன்னு சொல்ல நமக்கு என்னா பயம்? நாங்க எல்லாத்துக்கும் அதத்தானே சொல்லிக்கிட்டு வாறோம். ஆனா போகாம மட்டும் இருந்துறாதீங்க."

7

அடுத்த அமர்வுக்குப் போனேன். சட்டைப் பையில் எழுதிய பேச்சு இருந்தது. எழுந்து, முதலில் உறுதி இல்லை என்றேன். எங்கள் ஊரில் காணிக்கு எழுதுவது பத்திரம், உறுதி என்பது மனத்தில் இருப்பது. அதைத்தான் உண்டு என்று சொன்னேன், அது இன்றும் உண்டு என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "உது வேறை உறுதியோ!" என்று தொடை தட்டிச் சிரித்தார். நான் பேசியதைவிட நீளமாக, கைகளை விரித்து, நெஞ்சைத் தொட்டுக் காட்டி, தலைவருக்கு விளக்கினார். மண்டபமே சிரித்தது, தலைவரும் சிரித்தார். கன்னம் சுட்டாலும் தலை குனியாமல் நின்றேன். பிறகு தலைவர், பத்திரம் இல்லையென்றால் எதைச் சொல்ல வந்தாய், சுருக்கமாகச் சொல் என்றார்.

பையில் இருந்த பேச்சு நினைவுக்கு வந்தது. பின்வரிசையில் இடுப்புக் குழந்தையோடு நின்ற பேச்சியம்மாவும் கண்ணில் பட்டார். எந்த மேடையிலும் நான் உச்சரித்திராத ஒரு சொல்லை உரக்கச் சொன்னேன்.

"மேலே கக்கூசு. கீழே குடிதண்ணீர்."

மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கும் முன்பே தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கக்குஸ்ஸி?" என்றார். அந்தச் சொல் அவர்கள் மொழியிலும் உண்டாம். தமிழுக்கும் தமிழுக்கும் நடுவே ஒரு சொல் எங்களைக் கவிழ்த்தது; தமிழுக்கும் சிங்களத்துக்கும் நடுவே ஒரு சொல் தூக்கி நிறுத்தியது. தலைவர் எழுந்து சுவர்ப் படத்துக்குப் போனார். லயங்களைச் சின்னச் சின்னப் பெட்டிகளாக வரைந்திருந்தார்கள். இவர்களுடைய தண்ணீர் எங்கே என்று விரலை வைத்து அளவைக்காரரைக் கேட்டார். படத்தில் பீலி இல்லை. வெற்றுக் காணியில் ஊற்று இருக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

மறுநாள் இருவரும் மேட்டில் ஏறி வந்தார்கள். பேச்சியம்மா பீலியில் ஒரு செம்பு பிடித்து நீட்டினார். "குடிச்சுப் பாருங்க, மாத்தயா" என்று சிங்கள மரியாதையோடு சொன்னார். தலைவர் குடித்தார், இன்னொரு செம்பும் கேட்டார். அங்கேயே படத்தை ஒரு கல்லின்மேல் விரித்து, வீடுகளையும் கடைகளையும் லயத்துக்குக் கீழே, சாலையோரத்துப் பழைய வண்டிக்கொட்டகைப் பக்கம் நகர்த்தினார்கள். பத்தனைக்குப் பச்சைப் பென்சிலால் வண்ணம் அடித்தார்கள். திறந்த நிலம் என்பதற்கு அது அடையாளம் என்றார் அளவைக்காரர். படம் கொழும்புக்குப் போகும். அங்கே மையிட்டு ஒப்பமானால்தான் முடிவு. அதுவரை மறு ஆட்சேபம் வந்தால் மறுபடி அமர்வு.

மறு ஆட்சேபம் வரும். சித்தப்பாவின் கட்டம் சாலையோரத்து ஈர மூலைக்குப் போய்விட்டது. அவரே முதல் மனுவை எழுதுவார் என்று நினைக்கிறேன். ஒரே வீட்டில் சாப்பிடுகிறோம். கோமதி வழியாகத்தான் பேசிக்கொள்கிறோம். "அப்பா கேக்கிறாரு, அண்ணன் தையில போறாரா இல்லையான்னு" என்று அவள் சிங்களம் கலந்து மொழிபெயர்க்கிறாள்.

அன்று தலைவரும் அளவைக்காரரும் இறங்கிப் போனபின் பிள்ளைகள் முளைகளைப் பிடுங்கினார்கள். பேச்சியம்மாவின் இடுப்பில் இருந்த சின்ன மகள் தலையில் என் சிவப்புத் துணி ரிப்பனாக ஏறியிருந்தது. பெண்கள் குடத்தோடு பீலியில் வரிசையாக நின்றார்கள். பேச்சியம்மா குடத்தை இறக்கி வைத்தார்.

"பச்சை நல்லாத்தான் இருக்கு. பென்சில்தானே, சின்ன மொதலாளி? எச்சி தொட்டா அழிஞ்சு போயிரும். நீங்க தையில போறீங்களாமே, உங்க சித்தப்பா சொன்னாரு."

போனால் திரும்பி வர அனுமதி கிடைப்பது அரிது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அடுத்த அமர்வுக்கு எப்படியும் நான் வந்து நிற்பேன் என்றேன்.

"இது மேடைப் பேச்சா, உறுதியா? அவங்க உறுதி நம்மகிட்ட இல்ல. உங்க ஊரு உறுதி ஒண்ணுதான் இருக்கு. அதயாவது கையில குடுத்துட்டுப் போங்க."

வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மேடையும் இல்லை, விளக்கும் இல்லை. பீலிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, அவர்கள் பேச்சிலேயே சொன்னேன்:

"அந்தப் பச்சைக்கு மை போட்டுக் கையெழுத்து விழற வரைக்கும் நான் கப்பல் ஏற மாட்டேன், அக்கா. கச்சேரிக்காரங்களாப் புடிச்சு ஏத்துனா அது வேற. நானா ஏற மாட்டேன்."